கனகம்மாவின் வேகம்

நம் மைக்செட் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டு வந்த பிள்ளைகளில் ஒரு பெண், கிளம்பும்போது வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டாள். பழைய இசைத்தட்டுகளுக்கு மறுபடியும் மவுசு வந்துவிட்டதாம். சென்னையில் தேடித் தேடி வாங்குகிறார்களாம். "ஐயா, ரப்பர் வீல் மிஷினு, பெல்ட் மிஷினு, டைரக்ட் டிரைவு. மூணுத்துல எதுங்க நல்லது?" என்றாள். "அப்புறம் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன். பதில் தெரியாமல் இல்லை. முப்பது வருஷம் திருத்தணியில் மைக்செட் வைத்துப் பிழைத்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் வாயைத் திறந்தால் கனகம்மா வந்துவிடுவாள். அது வாசலில் நின்று சொல்லி முடிக்கிற கதை இல்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலில் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. இசைத்தட்டை வைக்கிற தட்டு சுற்ற வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதைச் சுற்ற வைக்க மூன்று வழி. ஒன்று, மோட்டார் தண்டுக்கும் தட்டின் விளிம்புக்கும் நடுவே ஒரு ரப்பர் சக்கரம் நின்று உரசித் தள்ளும். இரண்டாவது, மோட்டாரைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு ரப்பர் பட்டை போட்டு இழுப்பது. மூன்றாவதில் நடுவில் யாரும் கிடையாது. மோட்டாரின் தலையிலேயே தட்டு உட்கார்ந்திருக்கும்.

எங்கள் காலத்தில் ரப்பர் சக்கரம்தான் ராஜா. ஸ்விட்சைப் போட்டதும் வண்டிமாடு மாதிரி இழுத்துக்கொண்டு கிளம்பும். கே.ஜி. கண்டிகையில் காதுகுத்து என்றால் பஸ் கூரையில் கட்டிக்கொண்டு போவோம், இறக்கி வைத்ததும் பாடும். அதற்கு ஒரே ஒரு கெட்ட குணம். வேலை முடிந்ததும் நெம்புகோலைத் தள்ளி சக்கரத்தை விடுவித்துவிட வேண்டும். மறந்துபோய் அப்படியே விட்டால், அழுந்தின இடத்தில் ரப்பர் தட்டையாகிவிடும். அப்புறம் எந்தப் பாட்டைப் போட்டாலும் அடியில் டக்டக்டக்கென்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கும்.

நான் தொழில் பழகியது அரக்கோணத்தில் ஒரு கடையில். முதலாளி பேரைச் சொல்ல மாட்டேன். சொல்லப் போவது அவர் கற்றுக்கொடுத்த நல்லதை இல்லை. "பழைய சாமானை வெச்சிகினு இருக்காத. பார்ட்டி வர்றதுக்குள்ள தூக்கிக் கடாசு. பழசு இருந்தா பழைய வியாதி திரும்பி வரும்" என்பார். நானும் அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். திருத்தணியில் தனிக்கடை போட்ட பிறகும், கழற்றின சாமான் எதுவானாலும் எதிரில் ஓடிய சாக்கடைக் கால்வாய்க்குத்தான் போகும். அந்தக் கால்வாயைத் தோண்டினால் இன்றும் ஒரு கடை வைக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் முனிரத்தினம் கடைக்கு வந்தார். அம்மையார்குப்பத்து நெசவாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர் இருக்கும். பெட்டி மாதிரி மூடித் தூக்கிப் போகிற ரெக்கார்ட் பிளேயர் ஒன்றை லுங்கித் துணியில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டே வந்திருந்தார்.

"சுத்த மாட்டேங்குதுங்க. இத்தினி நாளு வெரலால ஒரு தள்ளு தள்ளி வுட்டா சுத்தினு இருந்துது. இப்ப அதுவும் இல்ல."

கூடவே ஒரு சின்ன இசைத்தட்டையும் எடுத்து வைத்தார். நடுக்காகிதத்தில் 'திருத்தணி பஜனைக் கோஷ்டி' என்று மட்டும் போட்டிருந்தது. "இதைப் போட்டுப் பாத்து ரிப்பேரு பண்ணுங்க. எங்க வூட்டம்மா பாடினது" என்றார்.

கனகம்மா படித் திருவிழாவில் கோஷ்டியோடு பாடிக்கொண்டே மலை ஏறுகிறவளாம். அவர்கள் ஊரில் சேலை எடுக்க வரும் மெட்ராஸ் வியாபாரி ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, கோஷ்டியை மெட்ராஸுக்கு அழைத்துப்போய் ஸ்டுடியோவில் பாட வைத்து, தன் வாடிக்கைக்காரர்களுக்குக் கொடுக்கக் கொஞ்சம் தட்டு அடித்தாராம். முழுப் பாட்டும் அவள் ஒருத்தி குரல்தான். அப்போது அவளுக்கு இருபது வயது, ஐந்து மாதக் கர்ப்பம். பெண் குழந்தை பிறந்து எட்டாவது மாதம் கனகம்மா காய்ச்சலில் போய்விட்டாள். வீட்டுக்கு வந்த தட்டு இது ஒன்றுதான்.

"பொண்ணுக்கு இப்ப பன்னெண்டு நடக்குது. ஜமுனா. அம்மா மொகம் தெரியாது. தெனம் சாயங்காலம் ஒரு வாட்டி இதைப் போட்டுட்டுத்தான் சோறு துன்னுவோம்."

இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. ஊர் நிலவரம் சொல்கிற மாதிரிதான் சொன்னார். நம் கைவேலையை இந்த மனிதருக்குக் காட்டிவிட வேண்டும் என்று அன்றே பெட்டியைப் பிரித்தேன்.

உள்ளே மோட்டார் எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறுகிக் கிடந்தது. பன்னிரண்டு வருஷத்து எண்ணெய். கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து, கடைசியில் நின்றே போயிருக்கிறது. ரப்பர் சக்கரம் கொட்டைப்பாக்கு மாதிரி கெட்டி. ஒரு பக்கம் தட்டை. யாரும் அந்த நெம்புகோலைத் தள்ளி விட்டதே இல்லை. எல்லாவற்றையும் கழுவினேன், புது எண்ணெய் விட்டேன், புதுச் சக்கரம் போட்டேன். வேகம் பார்க்க ஒரு கோடு போட்ட அட்டை உண்டு. சுற்றுகிற தட்டின்மேல் வைத்து டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்தால், வேகம் சரியாக இருந்தால் கோடுகள் அசையாமல் நிற்கும். என் கோடுகள் அடித்து வைத்த ஆணி மாதிரி நின்றன. பழைய சக்கரத்தை எடுத்துக் கால்வாயில் வீசினேன்.

இரண்டு நாள் கழித்து முனிரத்தினம் வந்தார். உட்கார வைத்து, டீ வரவழைத்து, ஜம்பமாகத் தட்டைப் போட்டேன். ஒரு இளம்பெண்ணின் குரல் சிட்டுப்போல எழுந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். அவர் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"தட்டை மாத்திட்டீங்களா?"

"இல்லீங்களே. நீங்க குடுத்த அதே தட்டு."

"இது அவ இல்லீங்க. அவ இப்பிடி அவசரப்பட்டுப் பாட மாட்டா." கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டார். "தறிச் சத்தம் எங்கங்க?"

"என்ன தறிச் சத்தம்?"

"பாட்டுக்கு அடியில தறி ஓடிகினே இருக்குமே."

பிள்ளைகளே, அந்த இடத்தில் நான் சிரித்தேன். அதை நினைத்தால் இன்றும் என் மேல் எனக்கே கோபம் வருகிறது. "அது ரப்பர் தட்டையாகிப் போட்ட சத்தங்க. மெட்ராஸ் ஸ்டுடியோவுல தறி ஏது?" என்றேன். அதோடு விட்டேனா? கோட்டு அட்டையை எடுத்து வைத்து, "பாருங்க, கோடு நிக்குது பாருங்க. இதுதான் சரியான வேகம். இத்தனை வருஷமா நீங்க கேட்டதுதான் தப்பு" என்று நிரூபித்தேன். பெண்டாட்டியை இழந்தவருக்கு ஒரு அட்டையைக் காட்டி, உன் பெண்டாட்டி குரல் இது இல்லை என்று சொன்ன புத்திசாலி இந்தத் திருத்தணியில் நான் ஒருவன்தான்.

அவர் எதிர்த்துப் பேசவில்லை. "படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். பெட்டியை லுங்கித் துணியில் சுற்றிக்கொண்டு போய்விட்டார். டீ அப்படியே இருந்தது.

அதற்கடுத்த ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வந்த கூட்டத்தில் ஒரு பெண் குழந்தை, கூட வந்த பெண்களை விட்டு விலகிக் கடை வாசலில் வந்து நின்றது. இரட்டைப் பின்னல், கையில் காவடிப் பூ.

"நீங்கதான் எங்கம்மாவை ரிப்பேரு பண்ணவரா?"

தலையை ஆட்டினேன்.

"நைனா இப்ப பாட்டே போடறது இல்லீங்க. பொட்டி பரண்மேல கீது. நான் கேட்டா, 'அது யாரோ பாடறாங்கம்மா'ன்றாரு. பழைய சக்கரத்தைக் குடுத்துடுங்க, நான் எடுத்துகினு போயி மாட்டிக்கிறேன்."

தூக்கிப் போட்டுவிட்டேன் என்று சொன்னேன். அந்தக் குழந்தை கால்வாயை எட்டிப் பார்த்தது, என்னைப் பார்த்தது, போய்விட்டது. அன்று சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கால்வாயில் இறங்கி, கம்பால் கிளறினேன். மழை வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போயிருந்தது. கிடைத்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. சக்கரத்தைத் திரும்ப மாட்டலாம், பன்னிரண்டு வருஷம் இறுகின எண்ணெயை எங்கே போய் வாங்குவது? தெரிந்தும் தேடினேன்.

அதிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. ஒரு வீட்டில் தினம் சாயங்காலம் பேசிக்கொண்டிருந்த ஒருத்தியை வாயடைத்துவிட்டேன். என் கல்யாண ஆர்டர்கள் நன்றாகத்தான் ஓடின. ஆனால் ஊரே தலையாட்டும்போதும், பரணில் கிடக்கும் அந்தப் பெட்டி என் நினைவில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வருஷம் கழித்து ஒரு பெல்ட் மிஷின் கிடைத்தது. பெல்ட் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தட்டு மெதுவாகச் சுற்றும். பழைய வேகத்தை இதில் பிடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. வேண்டுமென்றே நைந்த பெல்ட் ஒன்றை மாட்டிக்கொண்டு அம்மையார்குப்பத்துக்குப் போனேன். முனிரத்தினம் வேண்டாம் என்றுதான் சொன்னார். ஜமுனா அதற்குள் தட்டை எடுத்து வந்துவிட்டாள்.

அப்போது அந்தத் தெருவில் பாதி வீட்டில் விசைத்தறி வந்துவிட்டது. தரையே அதிரும். ரப்பர் சக்கர மிஷின் கனம், அதிர்ந்தாலும் தாங்கும். பெல்ட் மிஷினோ ஸ்பிரிங்மேல் உட்கார்ந்திருக்கும் சுகவாசி. முள்ளை வைத்தால் தவளை மாதிரி துள்ளியது. என்ன செய்வதென்று நான் முழித்தபோது, ஜமுனா வெளியே ஓடினாள். "எங்கம்மா பாட்டு போடறாங்கோ, செத்த நிறுத்துங்க" என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டே போனாள். "கனகம்மா பாட்டா? இரு, நிறுத்தறேன்" என்று பதில் வந்தது. ஒவ்வொரு தறியாக நின்றது. அந்தத் தெருவில் பட்டப்பகலில் காக்கா கத்துவது கேட்டது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். பெண்கள் பாவு நூலைக் கையில் பிடித்தபடியே வாசலில் வந்து நின்றார்கள்.

முள்ளை வைத்தேன். ரப்பர் சக்கரத்தில் எப்போதும் ஒரு இரைச்சல் இருக்கும், பெல்ட்டில் அது கிடையாது. துடைத்த மாதிரி அமைதி. அதற்குள்ளிருந்து முதலில் வந்தது பாட்டு இல்லை, ஒரு மூச்சு. முனிரத்தினம் நிமிர்ந்தார். "மூச்சு வாங்கறா பாருங்க. பாப்பா வயித்துல இருந்துது அப்ப" என்றார். ஒரு வரி பாடியிருப்பாள். தறியெல்லாம் நின்றதில் தெருவில் கரண்ட் ஏறிவிட்டது. மோட்டார் வேகமெடுத்தது, நைந்த பெல்ட் வழுக்கியது. குரல் ஏறி, இறங்கி, வளைந்து நெளிந்தது.

"காய்ச்சல்ல பாடற மாதிரி கீது" என்றார் முனிரத்தினம். "போதுங்க. எடுத்துடுங்க."

காய்ச்சல் என்ற வார்த்தை அந்த வீட்டில் என்ன வார்த்தை என்று உங்களுக்குத் தெரியும். நான் முள்ளைத் தூக்கினேன். வாசலில் நின்ற பெண்கள் உள்ளே போனார்கள். தறிகள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஓட ஆரம்பித்தன. மிஷினைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தபோது, இனிமேல் இந்தத் தெருவில் கால் வைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

வருஷங்கள் போயின. கேசட் வந்தது. நம் ஆட்கள் தட்டையெல்லாம் மூட்டை கட்டினார்கள். அந்த நேரத்தில் நான் மெட்ராஸுக்குப் போய், துறைமுகத்துப் பக்கம் வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் ஒரு டைரக்ட் டிரைவ் மிஷின் வாங்கி வந்தேன். "செத்த பாம்பை அடிக்கிறான்யா" என்று சக தொழில்காரர்கள் சிரித்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், தொழிலுக்காக வாங்கவில்லை. கடைக்காரன் அதன் வலது பக்கத்தில் ஒரு குமிழைக் காட்டினான். மேலே தள்ளினால் தட்டு மெதுவாகச் சுற்றும், கீழே இழுத்தால் வேகமாகச் சுற்றும். எங்கே விடுகிறோமோ அங்கேயே நிற்கும். கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் மாறாது. தட்டின் விளிம்பில் புள்ளிகள், நடுவேகத்தில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்கும். அந்தக் குமிழைத் தொட்டதும் எனக்கு முனிரத்தினம் முகம்தான் வந்தது.

ஜமுனாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, மைக்செட் சொல்ல அப்பாவும் பெண்ணும் என் கடைக்கே வந்தார்கள். திருத்தணியில் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். முனிரத்தினத்துக்குத் தலை நரைத்துவிட்டது.

"அம்மா பாட்டு போடலாங்களா?" என்று கேட்டேன்.

"வேணாங்க. வுடுங்க" என்றார்.

ஜமுனா கைப்பையிலிருந்து அந்தத் தட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அவள் எதற்கும் துணிந்து வந்திருக்கிறாள் என்று புரிந்தது.

ஒரே ஒரு சிக்கல். பழைய வேகம் என்ன வேகம் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு அளந்து வைக்கவில்லை. தப்பான வேகம்தானே என்று அலட்சியம். குமிழ்மேல் கையை வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு, "அம்மா பாட்டை நீ பாடுவியாம்மா?" என்று கேட்டேன்.

"ஆங். தெரியும்."

"எங்க, பாடு."

அவள் வெட்கப்பட்டாள். பிறகு முனகலாக ஆரம்பித்தாள். பன்னிரண்டு வயது வரை தினம் கேட்ட பாட்டு. அந்தச் சுருதி அவள் தொண்டையிலேயே தங்கிவிட்டிருந்தது. நான் தொலைத்த சக்கரம், நான் கழுவின எண்ணெய் எல்லாம் இந்தப் பெண்ணிடம் பத்திரமாக இருந்திருக்கிறது. தட்டைப் போட்டு, குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளினேன். கிட்டத்தட்ட அரைக் கட்டை இறங்கினபோது அம்மா குரலும் பெண் குரலும் ஒன்றாகின. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. அந்த இடத்தில் சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன்.

முனிரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். "ஆங்" என்றார். "வந்துட்டா." கொஞ்சம் பொறுத்து, "தறிச் சத்தம்தான் இல்ல" என்றார்.

"நம்ம தெருவே தறிதான நைனா, அது எதுக்கு?" என்றாள் ஜமுனா. மூன்று பேரும் சிரித்தோம். என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாகச் சிரித்த நாள் குறைவு.

இத்தோடு முடிந்திருந்தால் இதைச் சாமர்த்தியக் கதையாக எழுதியிருப்பேன்.

முகூர்த்தத்தன்று பெண்ணைத் தாய்மாமன் கைபிடித்து மணமேடைக்கு அழைத்து வருவார், அப்போது பாட்டு, பிறகு நாதஸ்வரம் என்று பேச்சு. தாய்மாமன் என்றால் கனகம்மாவின் தம்பி. நகரிப் பக்கம் போய்ப் பிழைத்தவர். அவர் ஜமுனாவை அழைத்துக்கொண்டு வர, நான் சிவப்புப் பொட்டில் குமிழை வைத்துப் பாட்டைப் போட்டேன். பாதி தூரம் வந்தவர் நின்றுவிட்டார்.

"பாவா, யாரு பாடறது இது?"

முனிரத்தினம் மேடையிலிருந்து, "இன்னாடா இப்பிடிக் கேக்கற? உங்கக்காதான்" என்றார்.

"எங்கக்காவா? இல்ல பாவா. இடுப்புல வெச்சி என்னைத் தூக்கி வளத்தவ, அவ குரலு எனக்குத் தெரியாதா? இது யாரோ பெரியம்மா குரலு. அக்கா சிட்டு மாதிரி பாடுவா."

"நம்ம வூட்டுல கேட்டதே இல்லியாடா நீ?"

"நீங்க அந்தத் தட்டை எடுத்தாலே நான் எழுந்து வெளிய போயிடுவேன் பாவா. கேக்க மனசு வராது."

ஐயர் நேரமாகிறது என்று ஜாடை காட்டினார். மண்டபத்தில் சலசலப்பு. இந்த மாதிரி நேரத்தில் மைக்செட்காரன் செய்வது என்ன? முள்ளைத் தூக்கிவிட்டு மேளக்காரரைப் பார்த்துத் தலையாட்டினால் போதும். கரண்டு கோளாறு என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் நம்புவார்கள். என் கை முள் வரைக்கும் போய்விட்டது. அதற்குள் முனிரத்தினம் மேடையை விட்டிறங்கி நேராக என் மேஜைக்கு வந்தார்.

"அன்னிக்கு ஒண்ணு போட்டுக் காட்டினியே. சரியான வேகம்னு."

முதல் தடவையாக என்னை ஒருமையில் கூப்பிட்டார். "ஆங்" என்றேன்.

"அதைப் போடு."

நான் உடனே போடவில்லை. கழற்றி வீசின காலம் போய்விட்டது. ஜமுனாவைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்த ஒரே அம்மாவை நான் இப்போது மாற்றப் போகிறேன். அவள் மாமன் கையைப் பிடித்தபடி நின்று, என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். புள்ளிகள் நின்றன. முள்ளை முதலிலிருந்து வைத்தேன்.

மூச்சு. பிறகு அந்தக் குரல்.

தம்பி, "அக்கா" என்று ஒரு சத்தம் போட்டு, ஜமுனாவின் கையை விடாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முனிரத்தினம் குழாய் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மாலையோடு நின்ற தன் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடியும் வரை பார்த்தார். பிறகு என்னிடம், யாருக்கும் கேட்காத குரலில் சொன்னார்:

"இந்த வயசுதான்யா அவளுக்கு. நான் மறந்தே பூட்டேன். என்கூடவே அவளுக்கும் வயசாயிகினு வர்றான்னு நெனச்சிகினு இருந்துட்டேன்."

பெட்டிக்குள் எண்ணெய் வருஷா வருஷம் இறுகி, குரல் வருஷா வருஷம் முதிர்ந்திருக்கிறது. அவருக்குத் தெரியாமலே இருவரும் சேர்ந்து மூப்படைந்திருக்கிறார்கள். நான் ஒரே நாளில் அவளைத் திரும்ப இருபது வயதாக்கி, அவரை மட்டும் அவர் வயதிலேயே நிறுத்தி வைத்தேன். அன்று கடையில் அவர் ஏன் டீயைக் கீழே வைத்தார் என்பது இத்தனை வருஷம் கழித்து அந்த மண்டபத்தில்தான் எனக்கு உறைத்தது.

கெட்டிமேளம் முழங்கியது, தாலி ஏறியது. சாயங்காலம் புருஷன் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஜமுனா என்னிடம் வந்தாள். "எங்கம்மாவை ஒரு வாட்டி போடுங்க" என்றாள். எந்த அம்மா என்று நான் கேட்கவில்லை. சிவப்புப் பொட்டுக்குக் குமிழைத் தள்ளினேன். அவள் நின்றபடியே கேட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டி ஏறினாள். மிஷினை நான் முனிரத்தினத்திடமே கொடுத்துவிட்டேன். "இது போச்சுன்னா ரிப்பேரு பண்ண என்னாலயும் ஆவாது. கரண்டு கூடக்குறைய வந்தா உடனே அணைச்சிடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

வாசலில் நின்று கேட்ட பெண்ணே, உனக்கு என் பதில் இதுதான். ரப்பர் சக்கரத்துக்கு இழுவை உண்டு, கிழடு தட்டினால் அது பாட்டிலேயே தெரியும். பெல்ட்டுக்கு அமைதி உண்டு, தைரியம் கிடையாது. டைரக்ட் டிரைவ் சொன்ன பேச்சைக் கேட்கும், ஆனால் அதற்கு என்ன சொல்வதென்று நீதான் முடிவு செய்ய வேண்டும். எந்த மிஷினாக இருந்தாலும் திருப்புளியைக் கையில் எடுக்கும் முன் அதை ஒரு முறை இருக்கிறபடி ஓட விட்டு, சொந்தக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேள். கழற்றின சாமானைக் காகிதத்தில் மடித்து அவர் கையில் கொடு. எனக்கு அந்தப் பழைய டக்டக் சத்தத்தை ஒரே ஒரு முறை கேட்க வேண்டும் என்று இன்றும் ஏக்கமாக இருக்கிறது. அது நான் கேட்காமலே தூக்கிப் போட்ட சத்தம்.

கடையை மூடுவதற்கு முன் ஒரு முறை அம்மையார்குப்பத்துக்குப் போனேன். மிஷினுக்கு ஒரு ஸ்டெபிலைசர் கொண்டு போயிருந்தேன். முனிரத்தினம் தனியாக இருந்தார். தறியை விட்டுவிட்டாராம். பேசிக்கொண்டிருந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அவர் எழுந்து கை கழுவிக்கொண்டு வந்து தட்டைப் போட்டார். குமிழ் நடுவில் இருந்தது. சிட்டுக்குரல் பாடி முடித்தது. முள்ளைத் தூக்கினார், குமிழைச் சிவப்புப் பொட்டு வரை தள்ளினார், திரும்பவும் முதலிலிருந்து போட்டார்.

"தெனம் ரெண்டு வாட்டியாங்க?" என்று கேட்டேன்.

"ஆங்" என்றார். "மொதல்ல போட்டது கல்யாணம் பண்ணிகினு வந்தவ. இவ என்கூட இருந்தவ."